ருவிரி மலையின் காலைக் காப்பிச் சடங்கு

"காப்பி குடிச்சவங்க யாராவது இருக்கீங்களா?"

மெல்கியோர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். அவர் ருவிரி மலைக் காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தின் மேனேஜர். களத்தில் கூடியிருந்த அறுபது பேரும் நடக்கப் பழகியதே காப்பிச் செடிகளுக்கு நடுவில்தான். ஒரு கைகூட எழவில்லை.

கடைசியில் கொட்டை பொறுக்குகிற ஸ்பெசியோஸ் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"ஒரு தடவை ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க மேனேஜரே. பேதிக்கு மருந்துன்னு நெனச்சுக் குடிச்சுட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பேதி நின்னுச்சு."

மெல்கியோர் தலையில் கையை வைத்துக்கொண்டார். புருண்டியில் காப்பி விளைவது விற்பதற்கு. குடிப்பதற்கு வாழைப்பழ பீர் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, மெல்கியோர் அந்த விண்ணப்பப் பாரத்தை நிரப்பும்வரை.

மூன்று வருஷத்துக்கு முன்பு சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று பதினாறு பக்கத்தில் பாரம் அனுப்பியது. செடி எத்தனை, மழை எவ்வளவு, மலை எத்தனை உயரம் என்றெல்லாம் கேட்டுவிட்டுப் பதினைந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள்: 'காப்பியோடு உங்கள் மக்களுக்கு உள்ள பாரம்பரிய உறவை விவரிக்கவும்.' எதிர் மலைக்காரர்கள் 'எதுவும் இல்லை' என்று உண்மையை எழுதினார்கள். அவர்களுடைய பாரம் திரும்பி வந்துவிட்டது.

மெல்கியோர் பாதிரியாருக்குப் படித்துப் பாதியில் விட்டவர். பிரெஞ்சில் எழுத உட்கார்ந்தால் கை நிற்காது. அளந்துவிட்டார்.

'தினமும் சூரியன் உதிக்கையில் ருவிரி மக்கள் ஒரே அடுப்பைச் சுற்றிக் கூடுகிறார்கள். மூத்தவர் பூமியிடம் அனுமதி கேட்கிறார். அன்றைய முதல் காப்பியை எல்லாரும் பகிர்ந்து குடித்த பிறகே மண்வெட்டியைத் தொடுகிறார்கள்.'

சுவிட்சர்லாந்தில் படித்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அதை அப்படியே காப்பிப் பொட்டலத்தின் முதுகில் அச்சடித்தார்கள். கொட்டைக்குச் சந்தை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் மலையில் பாதிக் கூரைகள் தகரமாயின, பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் வந்தார். இப்போது ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து ரெகுலா அம்மையார் நாளை மறுநாள் வருகிறார். அவர் கடிதத்தின் கடைசி வரியை மெல்கியோர் நாலு தடவை படித்தார்: 'காலைச் சடங்கில் நானும் கலந்துகொள்வேன். படமும் எடுப்போம்.'

சடங்கு புளுகு என்று தெரிந்தால் ஒப்பந்தம் போச்சு. வாத்தியாரும் போச்சு.

"சடங்குதானே, பண்ணிட்டாப் போச்சு," என்றாள் ஸ்பெசியோஸ். "எத்தனை பானை பீர்?"

"பீர் கிடையாது. காப்பி."

கூட்டம் சலசலத்தது. "எழவு வீட்டுலகூட ஊத்துவாங்களே மேனேஜரே. பீர் இல்லாம என்ன சடங்கு?"

"இது வேற மாதிரிச் சடங்கு."

"எந்த மாதிரி?"

"நான் எழுதின மாதிரி," என்று எரிந்து விழுந்தார் மெல்கியோர். அரை மணி நேரம் பேரம் பேசியபின், காப்பி முடிந்ததும் நான்கு பானை பீர் என்று முடிவாயிற்று.

அடுத்த சிக்கல், காப்பி. காப்பிச் சங்கத்தில் காப்பி இல்லை. கடைசி லாரி போன வாரமே போய்விட்டது. மிச்சம் கிடந்தது, கழுவும்போது தண்ணீரில் மிதந்ததென்று ஒதுக்கிய சொத்தைக் கொட்டை. வேர்க்கடலை வறுக்கிற சட்டியில் அதைப் போட்டு ஸ்பெசியோஸ் வறுத்தாள். புகையைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். இடித்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, மெல்கியோரிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரியில கொடுத்தது இப்படியா இருந்துச்சு?"

ஸ்பெசியோஸும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இல்ல. இது வேற ஏதோ வியாதிக்கு."

வேறு வழியில்லாமல் மெல்கியோர் மோட்டார்சைக்கிள் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கயன்சா டவுனுக்குப் போனார். பெரிய கடையில் வெந்நீரில் கலக்குகிற காப்பித்தூள் டப்பா இருந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தார். தயாரிப்பு, சுவிட்சர்லாந்து. அந்த நாட்டில் ஒரு காப்பிச் செடிகூட முளைக்காது என்று கடைக்காரனிடம் சொல்லிப் பார்த்தார். "அதான் இந்த விலை," என்றான் அவன். வயிறெரிந்தபடி மூன்று டப்பா வாங்கி, வரும் வழியிலேயே காகிதத்தைச் சுரண்டி எறிந்தார்.

பூமியிடம் அனுமதி கேட்க ஒரு மூத்தவர் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் சபையில் நின்று பேசத் தெரிந்தவர் பொன்டியன் ஒருவர்தான். மாப்பிள்ளை வீட்டுக்காக எழுந்து நின்று பெண் கேட்பது அவர் தொழில். எழுபது வயதுக்குள் இருநூறு கல்யாணம், பெண் வீட்டுக்குத் தர வேண்டிய மாட்டுக் கணக்கோடு, பேசி முடித்தவர்.

"பொண்ணு கேக்கிற பேச்சு இல்ல பெரியவரே," என்று மெல்கியோர் படித்துப் படித்துச் சொன்னார். "பூமிகிட்ட அனுமதி கேக்கணும். நாலே வரி."

"கேக்கிறதுன்னு வந்துட்டா என்கிட்ட விட்டுடு தம்பி. இதுவரைக்கும் யாரும் இல்லன்னு சொன்னதில்ல."

அந்த நாள் வந்தது. பொழுது புலரும்போதே ஜீப் வந்து நின்றது. முதலில் உர்ஸ் என்கிற படக்காரர் கேமராப் பைகளோடு இறங்கினார். அடுத்து ரெகுலா அம்மையார். பார்த்ததும் மெல்கியோருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தங்கிய ஓட்டல்காரப் பெண்மணி யாரோ ஆசையாகக் கட்டிவிட்டிருக்கிறாள். கல்யாணப் பெண் உடுத்துகிற இரட்டைத் துணி, தோளில் முடிச்சு, நெற்றியில் மணி வரிசை.

பொன்டியன் அம்மையாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவரைத் தடுக்கலாம் என்று திரும்பிய மெல்கியோர் அடுப்படியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நடுவில் பீர்ப்பானை. அதில் ஆவி பறக்கும் காப்பி. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு, பீர் உறிஞ்சுகிற நாணல் குழல்கள் பதின்மூன்று நீட்டிக்கொண்டிருந்தன.

"கோப்பை எங்கேடி?" என்று பல்லைக் கடித்தார்.

"பகிர்ந்து குடிக்கிறதாத்தானே எழுதியிருக்கீங்க," என்றாள் ஸ்பெசியோஸ். "பகிர்ந்து குடிச்சா ஒரே பானைதான். ஆளுக்கொரு கோப்பையில குடிச்சா அது சண்டைக்காரங்க குடிக்கிறது."

"ஒரே பானையிலிருந்தா?" அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இதை நீங்கள் பாரத்தில் எழுதவே இல்லையே."

"சொந்தப் பெருமையை எப்படி எழுதுறதுன்னு விட்டுட்டேன்மா."

பன்னிரண்டு பேர், பீர் உறிஞ்சுகிற பழக்கத்தில், ஒரே மூச்சில் ஆழமாக இழுத்தார்கள். கொதிக்கிற காப்பி நேராகத் தொண்டைக்குப் போயிற்று. விருந்தாளி முன்னால் துப்புவது மரியாதை இல்லை. பன்னிரண்டு பேரும் விழுங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்றாவதாக இழுத்த அம்மையாரும் அப்படியே.

"எல்லோரும் அழுகிறார்கள்," என்றார் அவர், குரல் திரும்பியதும். உர்ஸ் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

பொன்டியன் எழுந்தார். சபை அடங்கியது.

"உங்க வீட்டு முற்றத்துல ஒரு நல்ல கன்னுக்குட்டி நிக்குதுன்னு கேள்விப்பட்டு வந்திருக்கோம்," என்று அம்மையாரைப் பார்த்துத் தொடங்கினார்.

மெல்கியோர் முந்திக்கொண்டார். "பூமித்தாயை வணங்குகிறார்," என்று பிரெஞ்சில் சொன்னார்.

"எங்க பக்கம் ஒரு பையன் இருக்கான். இதோ நிக்கிறானே, இவன்தான். நாப்பது வயசாச்சு. பாதிரியாராவும் ஆகல, புருஷனாவும் ஆகல. ரெண்டுங்கெட்டானா அலையுறான்."

"நாற்பது வருஷமாக இந்த மண் பொறுமையாகக் காத்திருந்தது என்கிறார்."

"வீட்டுல சமைக்க ஆளில்ல. இவனே துவைச்சுக்கிறான். பாக்கச் சகிக்கல. இவனை ஏத்துக்கிறயாம்மா?"

"நம் உறவு தொடருமா என்று கேட்கிறார்," என்றார் மெல்கியோர். அந்த ஒரு வரி மட்டும் கிட்டத்தட்டச் சரியான மொழிபெயர்ப்பு.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொன்டியனின் இரண்டு கைகளையும் பிடித்து, மேலும் கீழும் தலையை ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

பொன்டியன் சூட்டோடு சூடாக அடுத்ததற்குப் போனார். "சந்தோஷம். எத்தனை மாடு கேக்கிறீங்க?"

"அடுத்த வருஷம் எத்தனை கண்டெய்னர் என்று கேட்கிறார்," என்றார் மெல்கியோர், ஈனக் குரலில்.

அம்மையார் இரண்டு விரலைக் காட்டினார்.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. "ரெண்டே மாடா? இவ்வளவு படிச்ச பொண்ணுக்கா?" என்று கேட்டாள் ஸ்பெசியோஸ். "எங்க அப்பன் எனக்கே மூணு வாங்கினாரே."

"வாயை மூடுங்க எல்லாரும்," என்றார் பொன்டியன் தணிந்த குரலில். "மனசு மாறறதுக்குள்ள ஒத்துக்குவோம்."

மறுபடி குலவை. இந்தத் தடவை அம்மையாரும் சேர்ந்து குலவையிட்டார். பிறகு ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதங்களை விரித்து, வழக்கமாக மூன்று வருஷத்துக்குப் போடுகிற ஒப்பந்தத்தை ஐந்து வருஷத்துக்குப் போட்டுக் கையெழுத்திட்டார். "நான் பார்த்த எல்லா நாட்டிலும் இவ்வளவு உண்மையான ஒன்றைக் கண்டதில்லை," என்றார். பீர்ப்பானைகள் வந்தன. பொன்டியன் தனக்கு வர வேண்டிய தரகு ஆட்டைப் பற்றி எல்லாரிடமும் பேச ஆரம்பித்தார்.

மெல்கியோருக்குப் பீர் இறங்கவில்லை. பாதியில் விட்டாலும் பாதிரியார் படிப்பு படிப்புதான், மனசு உறுத்தியது. கொட்டை காயப்போடுகிற மேசையருகே தனியாக உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த உர்ஸிடம் போனார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அம்மாகிட்ட எப்பச் சொல்லலாம்னு நீங்களே சொல்லுங்க."

"சொல்லுங்க."

"இந்தச் சடங்கு பொய். பாரத்துல ஒரு கேள்வி இருந்துச்சு, நான் எழுதிட்டேன். இங்க ஒருத்தரும் காப்பி குடிக்கிறதில்ல. அந்தப் பெரியவர் எனக்காக அந்த அம்மாவைப் பொண்ணு கேட்டாரு. அவங்களும் சரின்னுட்டாங்க." மெல்கியோர் மேசையின் மேல் கையை வைத்தார். "ஆனா ஒண்ணு மட்டும் சத்தியமாச் சொல்றேன் சார். கொட்டை சுத்தம். ஒவ்வொண்ணையும் கையால பொறுக்கி அனுப்புறோம். அந்தப் பொட்டலத்துல மத்தது எல்லாம் பொய்யா இருந்தாலும், உள்ள இருக்கிற காப்பி எங்க காப்பி. அதுல பொய் இல்ல."

உர்ஸ் கேமராவைப் பையில் வைத்து மூடினார். இந்தக் கம்பெனிக்கு ஒன்பது வருஷமாகப் படம் எடுப்பவர் அவர்.

"உங்க கொட்டையைக் கம்பெனிக்காரங்க துறைமுகத்துலயே வேற யாருக்கோ வித்துடுறாங்க, பொட்டலத்துல இருக்கிறது மலிவான பிரேசில் கொட்டை," என்றார். "இந்த மலையிலேர்ந்து எங்க நாட்டுக்கு வந்து சேர்றது நீங்க எழுதின சடங்கு மட்டும்தான்."