இருபது மூட்டை ஏலக்காயும் என் மூக்கும்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், இருபத்திரண்டு வருடமாகத் தங்களிடம் ஏலக்காய் எடுத்து விற்பவன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு நேரே சரக்கு விஷயத்துக்கு வருவேன். இந்த முறை சுகமில்லாமல் கிடந்து எழுந்திருக்கிறேன், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்களோ போனை எடுப்பதில்லை. தங்கை கேட்டு அனுப்பும் செய்திக்கெல்லாம் தினம் காலையில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறீர்கள். நீங்கள் என்னிடம் வாய் திறக்கும்வரை அவளும் திறக்க மாட்டாள்போலிருக்கிறது. ஆகவே, நாளைக் காலை உங்கள் பக்கம் வரும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்ப இதை என் கைப்பட எழுதுகிறேன்.

நடந்ததை ஒளிக்கப் போவதில்லை. போன திங்கட்கிழமை உங்கள் இருபது மூட்டையும் வந்து இறங்கின. முதல் மூட்டையைப் பிரித்து, கை நிறைய அள்ளி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது, எல்லாம் மரத்தூள் மாதிரி. முந்தின வாரம்தான் உங்கள் கிடங்குக்கு வந்து மாதிரி பார்த்தேன். எப்போதும்போல ஒரு கைப்பிடியை அள்ளி நீங்கள் முதலில் முகர்ந்து தலையாட்டிவிட்டு, அதே கையை என் மூக்கருகே நீட்டினீர்கள். நானும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு முகர்ந்தேன். கொஞ்சம் மந்தமாகத்தான் பட்டது. ஆனால் நீங்கள் தலையாட்டிய பிறகு நான் வேறு எதை ஆட்ட, நானும் ஆட்டிவிட்டு வந்தேன். ஆக, காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்று நானே முடிவுகட்டி, டிரைவரும் மூட்டை இறக்குகிறவர்களும் சுற்றி நிற்க, போனை ஸ்பீக்கரில் போட்டு, "மச்சான், உங்களுக்கு மூக்கு அவிஞ்சு போச்சா, இல்ல மனசா?" என்று கேட்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினீர்கள். "சரி மாப்பிள்ளை, திருப்பி அனுப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். உங்கள் தங்கை கிடங்குச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க அண்ணன் சரக்கு இந்த வாசலைத் தாண்டாது" என்று சொன்னதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. மூட்டைகள் இங்கேதான் இருக்கின்றன.

புதன்கிழமை காய்ச்சல் கொதித்தது. கல்லாவிலிருந்து கடை வாசலுக்கு நடப்பதற்குள் மலையேறியவன் மாதிரி மூச்சு வாங்கியது. உங்கள் தங்கை ஒரு வார்த்தை பேசாமல் காரில் தள்ளி, முன்பதிவு இல்லாமல் போனாலும் உடனே பார்க்கும் கிளினிக் ஒன்று, சலவைக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் இறக்கினாள். நோயாளியைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை, அவள் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நர்ஸ் என் கையில் கிருமிநாசினியை ஊற்றினார். தொழில் பழக்கம், கைக்கு எது வந்தாலும் முகர்ந்துதானே பார்ப்போம், முகர்ந்தேன். பச்சைத் தண்ணீர். மனது கேட்கவில்லை மச்சான். "அம்மா, ஒரு வியாபாரியா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதை உங்களுக்குப் போடுற ஆளை மாத்துங்க. இந்த வாரம் எங்க பார்த்தாலும் ஏமாத்துதான். என் சொந்த மச்சானே இருபது மூட்டை வாசனையில்லாத ஏலக்காயைத் தள்ளிவிட்டுட்டாரு" என்றேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டருக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கொரோனா சோதனை என்று மூக்கில் அவர் குச்சியை விட்ட ஆழத்துக்கு, பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்போல் இருந்தது. விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள், தொண்ணூற்று ஒன்று காட்டியது. நல்ல மார்க்குதானே என்று கேட்டேன். இது பரீட்சை இல்லை என்று நர்ஸ் ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டார். கூட்டத்துக்கு எங்காவது போனீர்களா என்று விசாரித்தார்கள், வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் அரைநாள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். பிறகு டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். வெறும் காற்று என்றேன். கண்ணைத் திறந்தால், சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்த ஆரஞ்சுத் தோலை என் மூக்கடியில் பிழிந்துகொண்டிருக்கிறார். "மருந்தும் நல்லாத்தான் இருக்கு, உங்க மச்சான் சரக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும். உங்க மூக்குதான் கடையைச் சாத்திடுச்சு ஐயா."

இரண்டு மணி நேரம் அங்கேயே குழாயோடு கிடந்தேன். ஜன்னல் வழியாக உங்கள் தங்கை காரில் இருப்பது தெரிந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது; வேண்டிக்கொள்கிறாளா, என்னைத் திட்டுகிறாளா என்று புரியவில்லை, இரண்டுக்கும் நான் தகுதியானவன்தான். அப்போது நர்ஸ் வந்தார். வீட்டில் இல்லாத நெருங்கியவர் ஒருவரின் எண்ணைப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லையே, யார் இவர் என்று கேட்டார். மச்சான், என்மேல் கோபம் என்றேன்.

"கோவத்துல இருக்கறவர் நம்பரையா குடுப்பீங்க?"

"வேற யார் நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லம்மா."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஐந்து நாள் மாத்திரை நேற்றோடு முடிந்தது. மச்சான், வியாபாரத்தில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்டால் விலை இறங்கிவிடும். உங்களிடம் கேட்கிறேன். சரக்கு முதல் தரம், மட்டம் என் மூக்கு. நாலு பேர் முன்னால் நான் சொன்னதை அதே நாலு பேர் முன்னால் திரும்பப் பெறுகிறேன். உங்கள் வீட்டு அக்கா காலமானதிலிருந்து கிடங்கு மாடியில் தனியாக இருக்கிறீர்கள். உங்களைப் பேசும் வாயா இது. உங்கள் உடம்பும் தொழிலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

தங்கள் அன்பு மறவாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், பசை நாறியது. நாறியது மச்சான், எனக்கு. உங்கள் தங்கையிடம் சாவியைக் கெஞ்சி வாங்கிக் கிடங்குக்கு ஓடி மூட்டைகளைப் பிரித்தேன். ஈரம் குடித்துப் பூசணம் பிடித்த வாடை, இருபதிலும். ஆகவே மேலே சரக்கைப் பற்றி எழுதிய நல்ல வார்த்தையை ரத்து செய்கிறேன். ஆனால் இந்தச் சரக்கைப் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுகிற ஆள் நீங்கள். அன்றைக்கு எதை நம்பித் தலையாட்டினீர்கள்? உங்கள் மூக்கும் கடையைச் சாத்திவிட்டது, நான் முகர்ந்து சொல்லிவிடுவேன் என்று நம்பித்தானே? போனில் செருமியது கோபமில்லை, இருமல். பேசினால் தங்கைக்குத் தெரிந்துவிடும் என்றுதானே கட்டைவிரலாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்? இதை அவளிடம் சொன்னேன். எட்டு நாள் கழித்துப் பேசிவிட்டாள்: "வண்டியை எடுங்க."

கடிதம் டிரைவரிடம் போகவில்லை, என் சட்டைப்பையில் வருகிறது. விரலில் மாட்டும் கருவி ஒன்றும் வாங்கிவிட்டேன். மாடிக் கதவைத் தாழ் போடாதீர்கள். கட்டைவிரலை இனிமேல் படமாக அனுப்ப வேண்டாம், நேரில் நீட்டுங்கள்.