அசையாதை அண்ணையும் சீனக் கோடரியும்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் தமிழர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: அசையாதை அண்ணையின் நாற்காலியிலிருந்து ஏற்கெனவே ஓடியவர்கள், இனி ஓடப்போகிறவர்கள்.

அண்ணை பல வருடம் ஒரு சீன உணவகத்தில் தட்டுக் கழுவியவர். ஐம்பது வயதில் "இனிப் போதும்" என்று முடிவெட்டும் தொழில் பழக, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் சேர்ந்தார். கை பழக எங்கள் தலைகள்தான் கிடைத்தன. கத்தியை எடுத்ததும் "அசையாதை!" என்று ஒரு அதட்டல். பிறகு, உணவகத்துச் சீனச் சமையல்காரர் சொன்ன கதையைத் தொடங்குவார்.

"ஒருத்தன்ரை மூக்கு நுனியிலை ஈச் செட்டை அளவு சுண்ணாம்பு. தச்சனைக் கூப்பிட்டு, வெட்டி எடு எண்டான். தச்சன் கோடரியைச் சுழட்டினான் பார், காத்து 'உய்ங்' எண்டது!"

அந்த 'உய்ங்'கில் சவரக்கத்தியும் சுழலும். ஆள் எழும்பி ஓடிவிடும். பாதி முகத்தில் நுரையோடு ட்ராமில் ஏறியவரை நானே பார்த்தேன். ஐயோ, அந்தக் கோலம்! மன்னார்க்காரர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார், அவரும் தங்கவில்லை. 'கோடரி சுழலக் காற்றெழும்' என்று சீனர் தங்கள் மொழியில் நாலே எழுத்தில் சொல்வார்களாம், கைத்திறமையின் உச்சத்துக்கு. கதையின் முடிவை மட்டும் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

இறுதிப் பரீட்சை வந்தது. சவரத்துக்கு ஆளை அவரேதான் கூட்டிப்போக வேண்டும். பாஸ் என்றால் சலூனில் வேலை. இல்லையென்றால் திரும்பவும் தட்டு. கேட்ட எல்லாருக்கும் அன்றைக்கென்று பார்த்து டாக்டரிடமோ கந்தோரிலோ டெர்மின் இருந்தது.

"நீரும் ஏலாது எண்டு சொல்லிப்போடாதையும் தம்பி" என்று என் வாசலில் வந்து நின்றார்.

"வாறன் அண்ணை" என்றது வாய். கண் ட்ராம் நிறுத்தத்தைத் தேடியது.

பரீட்சை அறையில் அண்ணை அதட்டவும் இல்லை, கதையைத் தொடங்கவும் இல்லை. கத்தியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். மேற்பார்வைக்கு வந்த அம்மணி குறை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்குப் பதறியது.

"அண்ணை, கதையைச் சொல்லுங்கோ. நான் ஓடமாட்டன்."

மெதுவாகத் தொடங்கினார். 'உய்ங்' வந்தது, கண்ணை இறுக்கி மூடினேன். கத்தி பூப்போல இறங்கியது. தயக்கத்தைக் காணோம்.

"பிறகு?"

"சுண்ணாம்பு மட்டும் போச்சு, அசையாமல் நிண்டவன்ரை மூக்கிலை ஒரு கீறலும் இல்லை. அரசன் கேள்விப்பட்டு, எனக்கும் செய்து காட்டு எண்டானாம். 'ஏலும் ராசா, ஆனா அசையாமல் நிண்டவன் செத்துப்போனான்' எண்டான் தச்சன். ஒரு சீன ஞானி, தன்ரை பேச்சுக்கு ஈடுகுடுத்த கூட்டாளியின்ரை சமாதியடியிலை நிண்டு சொன்ன கதை தம்பி." கத்தியைத் துணியில் துடைத்தார். "வெட்டினவனை எல்லாரும் புகழுவினம். நிண்டவனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கினமில்லை."

அண்ணை பாஸ். இப்போது அவருக்குச் சலூனில் தனி நாற்காலி. கதையைத் தமிழிலேயே சொல்வதால் ஜெர்மன்காரர் ஒருவரும் ஓடுவதில்லை. மாதம் தவறாமல் நானும் போகிறேன். கத்தி கழுத்துக்கு வரும்போது, உண்மையைச் சொன்னால், எனக்கு நித்திரை வந்துவிடுகிறது.