மோதிரம் சுழன்றால் மேஜர் லீக்

கரும்பு ஊரான கொன்சுவேலோவில் ஒரு பையன் பெரிய பேஸ்பால் வீரனாக என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குறிசொல்லி தோன் ப்ரோகுலோவின் மோதிரம் என்பார்கள்.

சர்க்கரை ஆலையின் சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் வாசலில் வரிசை நிற்கும். பையன் கையை நீட்டுவான். நூலில் கட்டிய மோதிரத்தை அதன்மேல் அவர் தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் அமெரிக்காவின் மேஜர் லீக் ஆட்டம். நேராக ஆடினால் கரும்புக்காடு. கரும்புக்காடு வேண்டாம் என்பவர்களுக்குப் பரிகாரம் உண்டு. அதற்குப் புனிதர்களுக்கான காணிக்கை ஆடாகவும் போகும், மோட்டார் சைக்கிளாகவும் போகும். தோன் ப்ரோகுலோ தனிக்கட்டை; ஆனால் அவர் வீட்டில் நான்கு ஃபிரிட்ஜ்கள் ஓடின. புனிதர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது போலும்.

நெரேய்தாவின் மகன் வில்கினுக்கு மோதிரம் நேராக ஆடியது.

"பீடை புடிச்ச கைம்மா. உன் வீட்டு ஃபிரிட்ஜ அனுப்பு, கழிச்சுடலாம்."

அந்த ஃபிரிட்ஜில் பழரசத்தை உறையவைத்து விற்றுத்தான் நெரேய்தாவின் அடுப்பு எரிந்தது. ஆனால் சனிக்கிழமை அமெரிக்க அணியிலிருந்து ஆள் தேர்வுக்கு வருகிறார்கள். பீடை இல்லை என்று ப்ரோகுலோ கட்டிவிடும் சிவப்புக் கயிறு இல்லாத பையனைப் பயிற்சியாளர் எவெலியோ வரிசையிலேயே நிறுத்த மாட்டார். நெரேய்தா ஃபிரிட்ஜைக் காலிசெய்யத் தொடங்கினாள்.

முற்றத்தில் வில்கின் கடுப்பில் ஓர் அழுகிய மாம்பழத்தை எடுத்து வேலிக்கம்பத்தில் அடித்தான். கம்பம் ஆடியது. நெரேய்தாவின் கை நின்றது.

"டேய், அவரு எந்தக் கையப் பாத்தாரு?"

"வலது. எல்லாருக்கும் அதான் பாப்பாரு."

"நீ எந்தக் கையால பந்து போடுற?"

"எடது."

"அப்ப வலது கையால என்னதான் பண்ற?"

"சோறு திங்கிறேன்."

"அதுல பீடை இருந்தாத்தான் எனக்குப் பானையில கொஞ்சம் மிஞ்சுமே."

மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மகனோடு போனாள். கூடவே ஒரு பழைய போர்வை. அதன் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"ஐயா, ஒரு சந்தேகம். என் பையன் எடதுகைக்காரன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. எறிகிற கை எது என்று பார்க்காமல் இந்த ஊரில் எவனும் பந்தயம்கூடக் கட்டமாட்டான்.

"புனிதருக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான்" என்றார் ப்ரோகுலோ.

"ஆளப் பாத்து சொல்றீங்கன்னு சில பேரு பேசுறாங்க."

"எவன் சொன்னான்? மூஞ்சிய நான் பாக்கறதே இல்ல. கை பேசும், நான் கேப்பேன்."

"அது போதும்யா. துணிக்குப் பின்னாலேர்ந்து வர்ற கைய மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வாசல் தூண்களுக்கிடையே போர்வையைக் கட்டினாள். ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. தங்கக் கடிகாரம், வாசனைத் தைலம். மோதிரம் மின்விசிறிபோல் சுழன்றது.

"இவன் நன்றிக் காணிக்க குடுக்க வேண்டியவன். பெரிய நட்சத்திரம்."

அடுத்த கை வெறுங்கை. மணிக்கட்டு வரை வண்டி மசகு. மோதிரம் நேராக ஆடியது.

"பாவம். கரும்புக்காடு."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"அந்தக் கை எங்க, இந்தக் கை எங்கம்மா. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்."

நெரேய்தா போர்வையை இழுத்தாள். பின்னால் வில்கின் ஒருவன்தான் நின்றான். இடது கையெல்லாம் மசகு; சட்டைப்பையிலிருந்து கடிகாரம் எட்டிப் பார்த்தது.

"ரெண்டும் ஒரே கைதான்யா. கசாப்புக்கடை அண்ணன்கிட்ட கடிகாரம் இரவல் வாங்கினேன்."

"தங்கம் பட்டா மோதிரம் சில சமயம்..." என்று இழுத்தார் ப்ரோகுலோ.

"அப்ப சனிக்கிழம கடிகாரத்தையே ஆட அனுப்பிடலாமா?" என்றான் ஒருவன். அதற்குள் நாலு பேர் அவர் வீட்டுக்குள் நுழைந்து தங்கள் தங்கள் ஃபிரிட்ஜை அடையாளம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

கூட்டத்தில் நின்ற எவெலியோ தலையைச் சொறிந்தார். "ஏம்மா, அப்ப எவன் நல்லா ஆடுவான்னு எப்படித்தான் கண்டுபுடிக்கிறது?"

"பந்தக் கையில குடுத்துப் போடச் சொல்லுங்க."

இத்தனை வருடம் பயிற்சியாளராக இருந்தவருக்கு அது புது யோசனையாக இருந்தது. வில்கினைப் பார்த்தார். "சனிக்கிழம வந்துடு. மொத ஆளா நில்லு."

நெரேய்தா போர்வையை மடித்து, ஃபிரிட்ஜ் ஏற்றிய வண்டியைத் திருப்பினாள். போகிற போக்கில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"விரல்லேர்ந்து தோள் வரைக்கும் உத்து உத்துப் பாக்குறீங்க. தோளுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. அது தொப்பி மாட்ட மட்டும் இல்ல."