திட்டம் போடும் கணேசமூர்த்தி

நமது மலைநாட்டில் தேயிலைக்கு அடுத்தபடியாகச் செழித்து வளரும் உயிர் ஒன்று உண்டு. திட்டக்காரர் என்று பெயர். அதற்கு மழையும் வேண்டாம், உரமும் வேண்டாம். தேநீர்க் கடையில் ஒரு மேசையும், கேட்டுக்கொண்டிருக்க இரண்டு பேரும் போதும்.

1962இல், ஆசிரியப் பயிற்சியின் கடைசி வருடத்தில், என் நண்பர் கணேசமூர்த்திக்கு வாய்த்த இரண்டு பேர் பூரணியும் வீரய்யாவும். மூவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து பரீட்சகர் முன் பேச வேண்டும். தவறினால் வேலை கிடையாது. பொகவந்தலாவைத் தோட்டங்களில் பெண்பிள்ளைகள் ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்பது விஷயம். கணேசமூர்த்தி அட்டன் நகரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, தலைப்புக்குச் சிவப்பு மையா பச்சை மையா என்று தீர யோசித்து, படம் தொங்கவிட ஆணி அடிக்கும் இடத்தை நிர்ணயித்து, நன்றியுரையையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகு திருவாய் மலர்ந்தார்:

“நாம தோட்டத்துல வீடு வீடா, லயம் லயமாப் போயி விசாரிக்கணும். நீங்க ரெண்டு பேரும் நாளைக்கே கெளம்புங்க.”

கிளம்பினார்கள். நனைந்தார்கள். அட்டைக்கு இரத்தம் கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கும் காளியாயி பூரணியிடம் சீறினாள்: “புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ள மடுவத்தப் பூட்டிப்புட்டாங்க. மூத்தவ பள்ளிக்கூடம் போனா, நான் மலைக்குப் போறப்ப கைப்புள்ளய யாரு பாக்குறது?”

பேச்சு நாளன்று பூரணியும் வீரய்யாவும் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, “நான் கண்டறிந்தது யாதெனில், பிள்ளை மடுவம் பூட்டப்பட்டதே காரணம்” என்று முழங்கினார் கணேசமூர்த்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பரீட்சகர் புனிதவதி குறுக்கிட்டார்.

“அந்த மடுவத்தை ஏன் பூட்டினவை?”

முழக்கம் நின்றது. “அதுல நாம கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டோம். பூரணி கேக்காம விட்டுட்டாங்க.”

பூரணி படத்தை விட்டாள். அது சுருண்டு விழுந்தது.

“கேட்டேங்கம்மா. புள்ளைங்களப் பாத்துக்கிட்ட ஆயா செத்துப்போச்சு, வேற ஆளு போடல. தோட்டத்துத் தொரையக் கேட்டா மலை வேலைய மேய்க்கிற கண்டாக்கையாவக் கேளுங்குறாரு, அவரு தொரையக் கேளுங்குறாரு.” புனிதவதி அவள் பக்கம் திரும்பினார்.

“மிச்சத்தையும் நீரே சொல்லும், பிள்ளை.”

சொன்னாள். மூவரும் தேறினார்கள். ஆமாம், மூவரும்தான்! நியாயத்தையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போதே நம்மவர் தொண்டையைச் செருமினார். “அடுத்ததா நாம மடுவத்தத் தெறக்குறதுக்குப் பெரிய திட்டமாப் போடணும்.”

பூரணி ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். “நீங்க போடுங்க. நாங்க காளியாயி அக்காவக் கூட்டிக்கிட்டுத் தொரையப் பாக்கப் போறோம்.”

வாசகரே, சிரிக்கிறீர்களா? நல்லது. நேற்றுக் கோயில் கூட்டத்தில் ‘நாம செஞ்சிடலாம்’ என்று எழுந்து நின்று சொன்னீர்களே, இப்போது அதைச் செய்துகொண்டிருப்பவர் யார்?