கட்டுக்கம்பி போட்ட மாப்பிள்ளை

ஒரு தெருவையே இருட்டாக்கிய பிறகு மனிதனுக்கு அடக்கம் தானாக வந்துவிடும். எனக்கு அது எழுபதுகளின் தொடக்கத்தில், பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று வந்தது. (அதற்கு முன் என்னிடம் அடக்கம் இருந்ததாகச் சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது.)

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் சூப்பர்வைசர். பட்டறையை ஒட்டியே என் வீடு. வீட்டுக்கும் பட்டறையிலிருந்துதான் கரண்ட். சூளைக்குப் போகும்வரை டீ கப் என்பது வெறும் பச்சைக் களிமண். தள்ளுவண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் கப்புக்குக் காது இருக்காது. அதனால் முதலாளி எங்கோ ஏலத்தில் ஒரு பேட்டரி வண்டியைப் பிடித்து வந்தார். சத்தம் இல்லை, புகை இல்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அந்தக் கூட்டம் ஓட்டுகிற என்னையும் சேர்த்துத்தான் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணுக்குக் கருவேப்பிலங்குறிச்சி, விவசாயக் குடும்பம். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது. இனி அவள் அப்பா எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லாவிட்டால்? அவரை அசத்திவிட வேண்டும் என்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து பேட்டரி வண்டியிலேயே அழைத்துவரத் திட்டம் போட்டேன்.

"எடுத்துக்க. ஆனா பேட்டரி எறங்கிக் கெடக்குது" என்றார் முதலாளி.

மத்தியானம் சார்ஜ் போட்டேன். வீட்டில் இருந்த பல்பு, இரவல் வாங்கிய டேபிள் ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் ஓடவிட்டு ஒத்திகை பார்த்தேன். பீஸ் போயிற்று. புதுக்கம்பி போட்டேன், அதுவும் போயிற்று. தாங்க முடியாத பாரம் வந்தால் உருகி அறுந்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் பீஸ் கம்பியின் வேலை. நானோ அது என் கல்யாணத்துக்கு எதிராகச் சதி செய்கிறது என்று முடிவுகட்டி, எதற்கும் உருகாத கட்டுக்கம்பியை மடித்துச் சொருகி எல்லாவற்றையும் ஓடவிட்டேன். (கேலி செய்யாதீர்கள். அன்றைக்கு ஊரில் பாதி வீட்டில் விளக்கு கட்டுக்கம்பியில்தான் எரிந்தது.)

பட்டறைக்குப் பின்னால் முழுக்க வயல். அந்த வயல்களின் தண்ணீர் மோட்டார்களுக்கும் எங்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டாருக்கு முறை வைத்துத்தான் கரண்ட் விடுவார்கள். அன்றைக்கு முறை சாயங்காலம். காலையிலிருந்து காத்துக்கிடந்த வயல்காரர்கள் கரண்ட் வந்ததும் மோட்டாரை ஒன்றாகப் போட்டார்கள். என் பல்பு பீடி நுனிபோலச் சிவந்தது. தெருக்கோடியில் 'டமால்' என்று ஒரு சத்தம். அப்புறம் எல்லாம் இருட்டு.

'ஊருக்கே போயிருக்கும்' என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, பாதி சார்ஜோடு வண்டியை எடுத்தேன். பெண்ணின் அப்பாவும் அத்தையும் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் வண்டி நின்றது.

"ஏன் தம்பி நின்னுட்டுது?"

"கொஞ்சம் எளப்பாறுதுங்க."

"மாடா இது?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ள இறங்கியவரும் அவர்தான்.

இப்படி, சம்பந்தி வீட்டாரைத் தள்ளவைத்து ஊர்வலமாக வந்து சேர்ந்தால், வாசலில் டார்ச்சோடு பக்கத்து வயல்காரர் கலியபெருமாள் நிற்கிறார்.

"நாத்து நட்டுட்டுத் தண்ணி இல்லாம நிக்கிறேன். மோட்டாரு உறுமிட்டு நின்னுபோச்சு. ஒன் ரேடியோ சத்தம் வயலு வரைக்கும் கேட்டுது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு டிரான்ஸ்பார்மரையே சாச்சுட்டியேப்பா!"

டார்ச் வெளிச்சம் வாசல் சுவரிலிருந்த என் பீஸ் கட்டையில் விழுந்தது. கட்டுக்கம்பி நகைக்கடைச் சரக்குபோல மின்னியது.

பெண்ணின் அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "எத்தன காணிங்க நடவு?" என்று கலியபெருமாளிடம் கேட்டார். இருவரும் வாசலிலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடாத ஃபேனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் ஜம்பத்துக்காக ஒருவர் வயல் காய்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

இன்று எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரே நேரத்தில் சொருகுகிறார்கள். கூடவே கிரைண்டர், டிவி, ஏசி. டிரான்ஸ்பார்மர் முனகுவது என் காதுக்கு மட்டும் கேட்கிறது. கரண்ட் போதுமா என்று கேட்பதைவிட, எல்லோரும் ஏன் முதல் பந்தியிலேயே உட்கார அடம்பிடிக்கிறோம் என்று கேட்கலாம். மாற்றி மாற்றி உட்கார்ந்தால் இருப்பதே பல பேருக்குக் காணும். எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு நான் மத்தியானத்தில்தான் சார்ஜ் போடுகிறேன்.

அன்று கிளம்பும்போது பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"தப்பு ஒறச்சது ஒன் மூஞ்சிலயே தெரியுது. பொண்ணு குடுக்கறேன் தம்பி. கல்யாணம் எங்க ஊர்லதான். ஆனா சீரியல் லைட்டு, மைக்செட்டு ஒண்ணும் கூடாது. நடவு நேரம், மோட்டாருக்கே கரண்டு பத்தல."

அப்படியே, இருட்டு விலகாத விடியற்கால முகூர்த்தத்தில் நடந்தது. அதனால்தான் எங்கள் கல்யாண போட்டோவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு மூஞ்சிக்கு நேராக நிற்க, தாலி கட்டுகிற நான் உட்பட அத்தனை பேரும் கண் கூசி முழிக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் காரணம் கேட்டால் என்னை வாய் திறக்க விடுவதில்லை என் மனைவி.

"வூடு பாக்க வந்த அன்னிக்கே இவரு எல்லா கரண்டையும் தின்னுட்டாருங்க. கல்யாணத்துக்கு மிச்சம் இல்ல."