ஏழாவது தட்டு

அவசரக்காரி கையில் சர்வே படிவத்தைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் ஒரு கட்டே கொடுத்திருந்தார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் எந்தத் தொழில், ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்கெடுக்கும் தற்காலிக வேலை. இரண்டே நாளில் அரிசி ஆலை, ஜவ்வரிசி ஆலை எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு, என் வேகத்தை நானே மெச்சியபடி சங்கராபுரத்தில் செல்வி அக்காவின் முறுக்குக் கம்பெனிக்குள் நுழைந்தேன். கல்வராயன் மலைச் சாமையில் முறுக்கு.

“ஆராய்ச்சிக்கு எவ்ளோ செலவு பண்றீங்கக்கா?”

“அதெல்லாம் பெரிய கம்பெனிங்க பண்றது பாப்பா. நாங்க முறுக்கு சுட்டுக்கினு கெடக்கறோம்.”

பூஜ்யம்!

டப்பாவைக் காட்டி, “துன்னுக்கினு இரு, வந்துடறேன்” என்று அக்கா அடுப்படிக்குப் போனார். டப்பாவைவிடப் பக்கத்தில் ஒன்பது தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு. முதல் தட்டு முறுக்கு பல்லைப் பதம் பார்த்தது. அடுத்த ஐந்தும் தொட்டதும் உதிர்ந்தன. ஏழாவது... அடடா! அதிலிருந்த நாலையும் முடித்துவிட்டு, அடியிலிருந்த சீட்டில் எண்ணெய் விரல்களைத் துடைத்துக் கசக்கினேன். (சுத்தம் முக்கியம்.)

திரும்பி வந்த அக்கா அலறினார்.

“அய்யோ! மூணு மாசமா ஒதிராத முறுக்குக்கு அலையறேன், இன்னிக்குத்தான் வந்துச்சு! நாலு மணி பஸ்ல கள்ளக்குறிச்சி கடைக்கு சாம்பிள் போவணும், புடிச்சாதான் ஆர்டரு! அளவு எங்க?”

கசங்கிய சீட்டை நீட்டினேன். மை எண்ணெயில் கரைந்திருந்தது.

“ஒம்போது அளவுல எது இன்னான்னு எனக்கு ஞாபகம் இருக்குமா?” என்றவர் என்னை முறைத்தார். “உன் நாக்குக்கு இருக்கும். உக்காரு!”

அக்கா சுட்டார், நான் கடித்தேன்.

“எண்ணெ ஜாஸ்திக்கா.”

“இது?”

“உப்பு கம்மி.”

ஐந்தாவது ஈட்டில் கத்தினேன்: “இதேதான்!” பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, நகரத் தொடங்கிய பஸ்ஸின் கண்டக்டர் கையில் திணித்தேன்.

மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. மூன்று மாத மாவு, எண்ணெய், கேஸ், கூலி. இதற்கா பூஜ்யம்? அன்றே அடித்துத் திருத்தினேன். மறுநாள் பூஜ்யம் போட்ட ஆலைகளுக்கே போய், “புதுசா இன்னா செஞ்சு பாத்தீங்க, இன்னா வீணாச்சு?” என்று கேட்டேன். வாய் திறந்தவர்கள் மூடவில்லை. படிவத்தில் இடம் போதவில்லை.

ஆர்டர் கிடைத்தது. இந்த வருடமும் சர்வேக்குப் போனபோது அக்காவே பட்டியல் எழுதி வைத்திருந்தார். மாவு, எண்ணெய், கேஸ், கூலி. கடைசி வரி: ‘சர்வே பாப்பா துன்னது, நாலு முறுக்கு.’

அதைப் போட்டோ எடுத்து வீட்டில் காட்டியது என் இரண்டாவது தவறு. இப்போது நான் தட்டில் கை வைத்தாலே அண்ணன் கேட்கிறான்: “அடியில சீட்டு இருக்குதா பாத்தியா?”