ரேடியோ பாயின் தொண்ணூற்றொன்பது டிகிரி

திருவண்ணாமலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ரேடியோ பாயைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார். "ரேடியோ நல்லாத்தான் இருக்குது, பாடறவர் தொண்டைதான் கரகரன்னு இருக்குது" என்று ரிப்பேருக்கு வந்ததைத் திருப்பி அனுப்புகிற ஆள்.

எண்பதுகளில், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளியில் நான் டீச்சர். 'இதுங்களுக்குக் கூடை பின்னத் தெரிஞ்சா போதாதா, சயின்ஸ் எதுக்கு?' என்று கேட்காத ஆளில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாய்க்கு அதைவிட. மெட்ராஸில் சாமான் வாங்கி வந்து, சூட்டைச் சிவப்பு எண்களில் காட்டும் டிஜிட்டல் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். எண்கள் குச்சி குச்சியாக எரியும். பென்சில் பிடிக்க வராத பிள்ளைகள் அதைப் பார்த்துத் தீக்குச்சியால் எண் அடுக்கினார்கள். ஐஸில் வைத்தால் எண் இறங்கும், கையில் பிடித்தால் ஏறும். வாயே திறக்காத பதினைந்து வயதுச் செல்வி, எண் ஏற ஏறக் கைதட்டுவாள்.

ஆய்வாளர் வருகிறார் என்றார்கள். பிள்ளைகள் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் சயின்ஸ் வகுப்பை மூடிவிட்டு, அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போடுவார்களாம். நான் பாயின் கடைக்கு ஓடினேன். கொதிக்கிற தண்ணீரில் பாயின் பெட்டி தொண்ணூற்றொன்பதுதான் காட்டும்.

"பாய், அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பி நூறு காட்ட வச்சிடுங்களேன். புக்ல நூறுதான் இருக்கு."

"இன்னா டீச்சரம்மா பேசறீங்க? நூறு கடலோரத்துக் கணக்கு. நம்ம ஊரு மேட்டுல இருக்குது, கொஞ்சம் கம்மிலயே கொதிக்கும். பசங்களுக்குப் பொய்யைக் காட்டச் சொல்றீங்களா?"

அன்று பாயே வந்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தார். ஆய்வாளர் வந்தார். "தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்?"

செல்வி அடுப்போரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பன்னிரண்டு தீக்குச்சிகளில் இரண்டு ஒன்பதை அடுக்கினாள்.

"தப்பு. நூறு."

செல்வி எழுந்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெட்டி முன்னால் நிறுத்தினாள். "பாரு" என்றாள்.

அந்த மனுஷன் பார்க்கவில்லை! கையை உதறிக்கொண்டு, "பொட்டி ரிப்பேர்" என்றார்.

பாய் குதித்தார். "சார், அது பாத்துட்டு சொல்லுது. நீங்க பாக்காமலே சொல்றீங்க. இதுல யாரு சார் சயின்ஸ் படிக்கிறது?"

அடுத்த வாரமே அறையைப் பூட்டினார்கள். அநியாயம்! நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, அதுவும் தொண்ணூற்றொன்பதில்தான். பாய் தன் கடையில் பாதியை ஒழித்து எங்களுக்கு விட்டார். ரேடியோ கேட்டு வந்தவர்களை, "அது நாளைக்குப் பாடும். இப்ப ஐஸ் உருகுது, சும்மா இருங்க" என்று அதட்டினார்.

பாய் காலமான அன்று செல்வி வந்தாள். பூட்டிய கடையின் படியில் பன்னிரண்டு தீக்குச்சிகளை அடுக்கிவிட்டுப் போனாள். பொழுது சாயும் வரை அந்தப் படியில் ஒருவரையும் நான் கால் வைக்க விடவில்லை.